"மாட்டிக்கிட்டா எப்படி மேடம் வெளிய வர்றது?": லூசிட் ட்ரீமிங் பழகப் போன ஓர் இளைஞர் பற்றிய நிகழ்வு ஆய்வு

வந்த காரணம்

வியாசர்பாடியைச் சேர்ந்த 23 வயது இளைஞர். பெருங்குடியில் ஒரு நிறுவனத்தில் வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்குச் சாட்டில் பதில் சொல்லும் வேலை. ஷிஃப்ட் மாலை ஐந்தரைக்குத் தொடங்கி இரவு இரண்டரைக்கு முடியும். கம்பெனி கேப் தெருமுனையில் இறக்கிவிடும்போது மூன்றரை ஆகியிருக்கும். வீட்டில் அம்மா, ஆயா, பிளஸ் டூ படிக்கும் தம்பி. ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். தூங்கிய நேரத்தையும் எழுந்த நேரத்தையும் மாற்றவில்லை. முழு விஷயமும் அதற்குள்தான் இருக்கிறது.

ஆடி மாதத்தில் ஒரு நாள் என்னிடம் ஆலோசனைக்கு வந்தார். லூசிட் ட்ரீமிங், அதாவது கனவு காணும்போதே அது கனவு என்று உணர்வதை, தானாகப் பழகிக்கொண்டிருந்தார். செல்போனில் கேள்விகளை எழுதி வைத்திருந்தார். கனவுக்குள் மாட்டிக்கொண்டால் எப்படி வெளியே வருவது? கனவில் செத்தால் நிஜத்தில் என்ன ஆகும்? தூக்கத்தில் எழுந்து நடந்து மொட்டை மாடியிலிருந்து விழுந்துவிட்டால்? தூக்கத்தில் நெஞ்சை அமுக்கும் அமுக்குவான் பேய் மறுபடி வருமா? ஐந்தாவதாக ஒரு கேள்வி இருந்தது. அதைப் படிக்காமல் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"எதுக்கு தம்பி இத ஆரம்பிச்சீங்க?" என்று கேட்டேன்.

"மெரினா மேல பறக்கணும் மேடம். அவ்ளோதான். லைட் ஹவுஸ ஒரு ரவுண்டு சுத்திட்டு வரணும்."

இதில் சிரிக்க எதுவும் இல்லை. இரவெல்லாம் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, முகம் தெரியாதவர்களின் கோபத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவர் பறக்க ஆசைப்படுவதில் வியப்பு என்ன? உடன் வேலை செய்யும் ஒருவர் சொல்லி, வீடியோக்களைப் பார்த்துத் தானாகவே தொடங்கியிருக்கிறார்.

கனவு ஓடிக்கொண்டிருக்கும்போதே 'இது கனவு' என்று தெரிந்துகொள்வதுதான் லூசிட் ட்ரீம். தெரிந்த பிறகு சிலரால் கனவின் போக்கையும் ஓரளவு மாற்ற முடியும். டச்சுக்காரரான ஃபிரெடரிக் வான் ஈடன் என்ற மனநல மருத்துவர் 1913-இல் இந்தப் பெயரில் எழுதினார். ஆனால் நெடுங்காலம் அறிவியலாளர்கள் இதை நம்பவில்லை. 1975-இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் ஒரு சோதனை செய்தார். ஆலன் வொர்ஸ்லி என்பவர், முன்பே பேசி வைத்தபடி, தூக்கத்துக்குள் இருந்துகொண்டே கண்களை இடம் வலமாக அசைத்துக் காட்டினார். கருவியில் அது பதிவானது. பிறகு ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீஃபன் லாபெர்ஜ் தனியாக இதையே நிறுவினார். 2021-இல் நான்கு நாட்டு ஆய்வகங்கள், கனவில் இருப்பவரிடம் எளிய கணக்குக் கேட்டுக் கண்ணசைவில் விடை வாங்கியதாக வெளியிட்டன. ஐம்பது ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்த 2016-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, சுமார் 55 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இது தானாக வந்திருக்கிறது. அரிய நோயும் அல்ல, சித்து வேலையும் அல்ல.

அன்று காலை நடந்தது

விடியற்காலை நான்கு மணிக்குப் படுப்பார். எட்டரைக்கு அலாரம். எழுந்து அரை மணி நேரம் செல்போனில் வீடியோ. பிறகு மல்லாக்கப் படுத்து, உடம்பை அசைக்காமல், கண்ணுக்குள் ஓடும் காட்சிகளைக் கவனித்தபடியே நேராகக் கனவுக்குள் நுழைய முயல்வார். பழகும் முறைகளில் இதுதான் கடினமானது. புதியவர்கள் ஏனோ முதலில் இதையே பிடித்துக்கொள்கிறார்கள். 'இன்றைக்கே பலன்' என்று சொல்லப்படுவதால் இருக்கலாம்.

மூன்றாவது வாரம் ஒரு காலை, ஒன்பதேகால் இருக்கும். தெரு முனை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் விழா, ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்தது. பாட்டு காதில் விழுகிறது. சமையலறையில் ஆயா பாத்திரம் நகர்த்துவதும் கேட்கிறது. கை கால் அசையவில்லை. கூப்பிட வாய் வரவில்லை. வாசற்படியில் கறுப்பாக ஓர் உருவம் நின்றது. உள்ளே வந்து நெஞ்சின் மேல் உட்கார்ந்தது. "மூச்சே போச்சு மேடம். அதுக்குள்ளயே மாட்டிக்கிட்டேன்னு நெனச்சேன்."

ஆயாவிடம் சொன்னபோது அவர் கொஞ்சமும் அசரவில்லை. "அது அமுக்குவான்டா கண்ணு. நேரங்கெட்ட நேரத்துல, அதுவும் மல்லாக்கப் படுத்தா அப்டித்தான்" என்று சொல்லித் தலையணைக்கு அடியில் பாக்குவெட்டியை வைத்தார். தர்காவுக்குக் கூட்டிப்போய் மந்திரித்துத் தாயத்தும் கட்டினார்.

தாயத்தைக் கழற்றச் சொல்லவில்லை நான். அது யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. அதோடு, ஆயா சொன்ன இரண்டும் சரி. நேரம் தப்பிய தூக்கம், மல்லாந்து படுப்பது: விழித்தும் உடம்பு அசையாத இந்தத் தூக்க முடக்கம் அடிக்கடி வருவதற்கான காரணங்களாக ஆய்வாளர்கள் சொல்பவற்றில் இந்த இரண்டும் உண்டு. உருவம் யார் என்பதில்தான் ஆயாவும் நானும் வேறுபடுகிறோம்.

கனவு செறிந்த தூக்கத்தில் கண்கள் இமைக்குள் வேகமாக அசையும். 1953-இல் சிகாகோவில் அசெரின்ஸ்கியும் கிளைட்மேனும் இதைக் கண்டறிந்து வெளியிட்டார்கள், ரேபிட் ஐ மூவ்மெண்ட், சுருக்கமாக ஆர்.இ.எம். தூக்கம் என்கிறோம். அந்த நேரத்தில் மூளைத்தண்டு உடம்பின் தசைகளைத் தளர்த்திப் போட்டுவிடும். கனவில் ஓடினால் கட்டிலிலும் ஓடாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. கண்ணை அசைக்கும் தசைகளுக்கும், மூச்சை நடத்தும் உதரவிதானத்துக்கும் மட்டும் விலக்கு. சில சமயம் மனம் விழித்துவிடும், தசைப்பூட்டு இன்னும் திறந்திருக்காது. பெரும்பாலும் சில நொடிகள், சில சமயம் சில நிமிடங்கள். அதற்குள் கனவுக் காட்சியின் மிச்சம், நிஜ அறையின் மேல் படிகிறது. நகர முடியாத உடம்பு ஆபத்தைத் தேடுகிறது. வாசற்படி நிழல் ஆளாகிறது.

நெஞ்சில் உட்கார்ந்தது எது என்பதற்கும் இதிலேயே விடை உண்டு. உதரவிதானம் வேலை செய்வதால் மூச்சு நிற்காது. ஆனால் பயந்துபோய் வேண்டுமென்றே ஆழமாக இழுக்கப் பார்த்தால், விலா எலும்புகளுக்கு இடையே உள்ள தசைகள் ஒத்துழைக்காது. இழுக்க முடியாத மூச்சு பாரமாகத் தெரிகிறது. இதைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "அப்போ நான் சாகப் போகலயா?" போகவில்லை. 2011-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வின்படி பொதுமக்களில் 7.6 சதவீதம் பேருக்கு இது ஒரு முறையாவது நேர்ந்திருக்கிறது, மாணவர்களில் 28.3 சதவீதம். தூக்கம் கெட்டவர்கள் எங்கே அதிகமோ, அங்கே அமுக்குவானும் அதிகம்.

பட்டியலில் இருந்த மற்ற பயங்கள்

மாட்டிக்கொள்வது. ஆர்.இ.எம். தூக்கம் சுமார் ஒன்றரை மணி நேரச் சுற்றுகளில் வந்து போகும். தூக்கத்தின் கடைசிப் பகுதியில் அது நீளும். அப்போதும் அரை மணி, ஒரு மணி என்று முடிந்துவிடும். கனவு காண்பவர் அனுமதி தரத் தேவையில்லை. 'கனவுக்குள் ஒரு வருடம் போய்விடும்' என்று எங்கோ கேட்டிருந்தார். லாபெர்ஜ் லூசிட் கனவில் இருப்பவர்களைப் பத்து வரை எண்ணச் சொல்லி, தொடக்கத்திலும் முடிவிலும் கண்ணசைவுச் சைகை வாங்கினார். விழிப்பில் ஆகும் நேரமே ஏறக்குறைய கனவிலும் ஆனது. புதியவர்களுக்கு உண்மையில் நேர்வது இதற்கு நேர் எதிர். 'அட, கனவு!' என்று தெரிந்த சந்தோஷத்திலேயே சில நொடிகளில் விழித்துக்கொள்வார்கள். வெளியே வருவது எப்படி என்று கேட்டு வந்தவர், பின்னாளில் உள்ளே இருப்பது எப்படி என்று கேட்டார்.

கனவில் சாவது. கனவில் விழுந்தவர்களும் வெட்டுப்பட்டவர்களும் காலையில் எழுந்து வந்துதான் நம்மிடம் கதை சொல்கிறார்கள். ஆர்.இ.எம். நேரத்தில் இதயத்துடிப்பும் மூச்சும் சீரில்லாமல் ஏறி இறங்குவது உண்மை. அது எல்லோருக்கும், எல்லா இரவும் நடக்கிறது.

உயிர் உடம்பை விட்டுப் போய்விடுமா என்பது ஆயாவின் பயம். கூடுவிட்டுக் கூடு பாய்தல் பற்றிக் கேட்டு வளர்ந்தவர் அவர். மிதப்பது போன்ற உணர்வு தூக்கத்தின் ஓரங்களில் வரும். அந்த நேரத்தில் உடம்பிலிருந்து மூளைக்கு வரும் செய்திகள் குறைந்திருக்கும். பேரன் முழுசாகத் திரும்பி வந்துதான் சோறு சாப்பிடுகிறான் என்று ஆயாவே பிறகு சமாதானம் ஆனார்.

மொட்டை மாடி விஷயத்தை மட்டும் நான் அவ்வளவு எளிதாக விடவில்லை. கரண்ட் போனால் பாயைச் சுருட்டிக்கொண்டு மாடிக்குப் போகும் வீடு அது. கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்தான். தூக்கத்தில் நடப்பது பெரும்பாலும் கனவு குறைந்த ஆழ்தூக்கத்தில் நிகழ்வது. லூசிட் கனவு வருவது தசைகள் தளர்ந்திருக்கும் ஆர்.இ.எம். தூக்கத்தில். அந்தத் தளர்ச்சி கெட்டு, கனவில் செய்வதைக் கட்டிலிலும் செய்யும் ஒரு கோளாறு உண்டு. அது பெரும்பாலும் ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்களிடம் காணப்படுகிறது. சில மனச்சோர்வு மருந்துகள் இளைஞர்களிடமும் அதைக் கிளப்பலாம். இவருக்கு அப்படி எந்த வரலாறும் இல்லை, எந்த மருந்தும் இல்லை.

ஆனால் இன்னொன்று இருந்தது. பகலெல்லாம் 'இது கனவா?' என்று சோதித்துப் பார்ப்பது இந்தப் பழக்கத்தின் ஒரு பகுதி. அதைப் பழக்கமாக்கினால் கனவிலும் அதே கேள்வி வரும் என்பது கணக்கு. எழுந்துவிட்டதாகவே கனவு காண்பதும் இதில் அடிக்கடி நேரும். இவர் சோதனைக்காகச் செய்தது குதித்துப் பார்ப்பது. தரையிலிருந்து ஒரு குட்டிக் குதி, மிதந்தால் கனவு. "மாடியில தூங்குற அன்னைக்கும் இதுதானா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

அன்று ஒரே ஒரு விஷயத்தில்தான் கண்டிப்பாக இருந்தேன். சோதனை எதுவானாலும், நீங்கள் விழித்திருந்தால் அது உங்களைக் காயப்படுத்தக் கூடாது. குதிப்பது, சுவரில் ஏறுவது, சாலையில் இறங்குவது, கையைச் சுட்டுப் பார்ப்பது எதுவும் வேண்டாம். மூக்கை மூடிக்கொண்டு மூச்சு இழுத்துப் பாருங்கள். கனவில் பெரும்பாலும் காற்று வரும். எழுத்தை ஒரு முறை படித்து, கண்ணை எடுத்து, மறுபடி படியுங்கள். கனவில் பெரும்பாலும் எழுத்து மாறிவிடும். சந்தேகம் இருந்தால் விழித்திருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் பயப்படாத விஷயங்கள்

பட்டியலில் இல்லாத இரண்டு விஷயங்கள் எனக்குப் பெரிதாகத் தெரிந்தன. ஒன்று தூக்கம். இரண்டு வாரம் தூக்கக் குறிப்பேடு எழுதச் சொன்னேன். அலாரம் வைத்த நாள்களில் மொத்தத் தூக்கம் ஐந்து மணி நேரத்துக்கும் கீழ். வயது வந்தவருக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். ஷிஃப்டில் ஒன்றரை மணிக்கு ஒரு ஸ்ட்ராங் டீ வேறு. உடம்பில் காஃபீன் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும். காலையில் தண்ணி லாரி, ஸ்பீக்கர், ரயில் சத்தம். இந்த லட்சணத்தில் நடுவே அலாரம் வைத்துத் தூக்கத்தை வெட்டுவது, ஓட்டைப் பானையில் இன்னொரு ஓட்டை.

இரண்டாவது, கேலன்டமைன். 'கனவு மாத்திரை' என்று ஆன்லைனில் பார்த்து கார்ட்டில் போட்டு வைத்திருந்தார். இது அல்சைமர் நோய்க்குத் தரும் மருந்து. 2018-இல் லாபெர்ஜ் குழு 121 பேரிடம் செய்த ஆய்வில், வெற்று மாத்திரை எடுத்த இரவில் 14 சதவீதம் பேருக்கும், 4 மில்லிகிராமில் 27 சதவீதம் பேருக்கும், 8 மில்லிகிராமில் 42 சதவீதம் பேருக்கும் லூசிட் கனவு வந்தது. வீடியோக்கள் இந்த எண்களைச் சொல்கின்றன. குமட்டல், வாந்தி, இதயத்துடிப்பு மந்தமாவது, மயக்கம் ஆகியவற்றை மெதுவாகச் சொல்கின்றன. இவருக்குச் சின்ன வயதிலிருந்து வீசிங். பையில் இன்ஹேலர் இருந்தது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இந்த வகை மருந்தை மருத்துவர்களே யோசித்துத்தான் எழுதுவார்கள். என் எதிரிலேயே கார்ட்டைக் காலி செய்தார்.

பேய்க்குப் பயந்தவர், மாத்திரைக்குப் பயப்படவில்லை. இந்த விஷயத்தில் என்னிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான். கனவுக்குள் என்ன நடக்கும் என்று நடுங்குகிறார்கள். கனவுக்குப் போகும் வழியில் தூக்கத்துக்கு என்ன ஆகிறது என்று பார்ப்பதில்லை.

ஐந்தாவது கேள்வி

இரண்டாவது சந்திப்பின் முடிவில், கதவருகே நின்றுகொண்டு கேட்டார். "இத பண்ணா மெண்டல் ஆயிடுவாங்களா மேடம்?"

உட்கார வைத்தேன். சித்தப்பாவைப் பற்றிச் சொன்னார். இருபத்தைந்து வயதில் காதில் குரல்கள் கேட்கத் தொடங்கி, கீழ்ப்பாக்கத்தில் சேர்த்து, இன்றும் மாத்திரையில் இருக்கிறார். 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊரின் பெயரை அவர் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். 1794-இலிருந்து சென்னையில் மனநோய்க்கு வைத்தியம் பார்த்து வரும் மருத்துவமனையைத் திட்டும் சொல்லாக்கி வைத்திருக்கிறோம். அதனால்தான் இப்படிப்பட்ட தகவல் கதவருகே வருகிறது.

அந்தத் தகவல் என் மதிப்பீட்டை மாற்றியது. லூசிட் கனவு தானாக வருவதால் மனநோய் வரும் என்பதற்குச் சான்று இல்லை. கெட்ட கனவால் அவதிப்படுபவர்களுக்கு இதையே ஒரு சிகிச்சையாகப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2018-இல் குறிப்பிட்டிருக்கிறது. ஆனால் அதே 2018-இல் இஸ்ரேலில் அவிராமும் சோஃபர்-டுடெக்கும் மாணவர்களிடம் செய்த ஆய்வு, வலிந்து வரவழைக்கும் பயிற்சியைத் தனியாகப் பிரித்துப் பார்த்தது. அப்படிப் பயிற்சி செய்தவர்களிடம், தன்னிலிருந்து தானே விலகி நிற்பது போன்ற உணர்வுகளும், மனப்பிளவு நோயின் (ஸ்கிசோஃப்ரினியா) லேசான சாயலுள்ள எண்ணங்களும் இரண்டு மாதத்தில் கூடியிருந்தன. பயிற்சிதான் காரணம் என்று அதை வைத்து முடிவுகட்ட முடியாது. இருந்தாலும், நெருங்கிய ரத்த உறவில் மனப்பிளவு நோய், அந்நோய் பெரும்பாலும் தலைகாட்டும் வயது, ஐந்து மணி நேரத் தூக்கம், நாளெல்லாம் 'இது நிஜமா?' என்ற கேள்வி: இத்தனையும் ஒருவரிடம் சேரும்போது நான் பச்சைக்கொடி காட்ட மாட்டேன்.

மனநல மருத்துவர் ஒருவரிடம் அனுப்பினேன். விரிவாகப் பேசிப் பார்த்துவிட்டு, நோயின் அறிகுறி எதுவும் இல்லை என்று எழுதினார். விழித்திருக்கும்போது குரல் கேட்பது, யாரோ பின்தொடர்வதாகத் தோன்றுவது, நடந்தது கனவா நிஜமா என்ற குழப்பம் நாள் முழுக்க நீடிப்பது: இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே வர வேண்டும் என்று அம்மாவிடமும் சொல்லி வைத்தோம். நள்ளிரவில் யாரையும் பிடிக்க முடியவில்லை என்றால் அழைக்க, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அவர் போனில் பதிந்தோம்.

செய்தது

அலாரம், நேராகக் கனவுக்குள் நுழையும் முறை, பகல் சோதனைகள் மூன்றையும் நிறுத்தினோம். வாரத்தின் ஏழு நாளும் நான்கிலிருந்து பதினொன்றரை வரை படுக்கை. ஜன்னலுக்குக் கனத்த கறுப்புத் துணி, காதுக்குப் பஞ்சு. டீயைப் பதினொரு மணிக்கு முந்தைய இடைவேளைக்கு மாற்றினார். ஒருக்களித்துப் படுப்பது. நான் எழுதிக் கொடுத்த இந்தக் கடைசி விதியை ஆயா தன்னுடைய வெற்றியாக எடுத்துக்கொண்டார்.

முடக்கம் வந்தால் என்ன செய்வது என்பதையும் பழகினோம். எதிர்த்துத் திமிறக் கூடாது. திமிறினால் பயம் கூடும். இது தசைப்பூட்டு, தானே திறக்கும் என்று மனதுக்குள் சொல்ல வேண்டும். மூச்சை இழுக்காமல் அதன் போக்கில் விட வேண்டும். கண்ணை உருட்டலாம், கட்டைவிரலை அசைக்கப் பார்க்கலாம். உருவம் வந்தால் அதை உற்றுப் பார்க்காமல், மனதுக்குப் பிடித்த ஒன்றின் மேல் கவனத்தை வைக்க வேண்டும். அவர் தேர்ந்தெடுத்தது ஆயாவின் பாத்திரச் சத்தம்.

புரட்டாசியில் ஒரு முறை வந்தது. உருவம் வாசற்படி வரை வந்து நின்றது, உள்ளே வரவில்லை. அதற்குப் பிறகு தை வரை வரவில்லை.

கனவு நோட்டு எழுதுவதை மட்டும் அனுமதித்திருந்தேன், அதுவும் எழுந்த பிறகு சில வரிகள். கார்த்திகையில் அவருக்குத் தானாகவே ஒரு லூசிட் கனவு வந்தது. வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனில் நிற்கிறார். பெயர்ப் பலகையைப் படிக்கிறார். திரும்பிப் பார்த்தால் வேறு ஏதோ எழுதியிருக்கிறது. கனவு என்று தெரிந்ததும் பறக்கக் கையை விரித்தார், பிளாட்பாரத்தின் மேல் ஒரு முழம் எழும்பினார், விழித்துக்கொண்டார். "மெரினா வரைக்கும் போகல மேடம். பேசின் பிரிட்ஜ்கூட தாண்டல." கனவு கலையாமல் இருக்க உள்ளங்கைகளைத் தேய்த்துப் பார்ப்பது என்ற வழக்கத்தைச் சொன்னேன். அதற்கு மேல் முறைகள் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. தானாக வந்தால் வரட்டும், துரத்த வேண்டாம் என்பதில் இருவரும் ஒத்துக்கொண்டோம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மனநல மருத்துவரைப் பார்ப்பது தொடர்கிறது. பகல் ஷிஃப்டுக்கு விண்ணப்பித்திருக்கிறார்; இன்னும் கிடைக்கவில்லை.

கடைசிச் சந்திப்புக்கு அம்மாவும் வந்திருந்தார். அண்ணனின் கதையைக் கேட்டுத் தம்பியும் ஆசைப்படுகிறானாம். பதினேழு வயதுக்கு எட்டு மணி நேரத் தூக்கமாவது வேண்டும், சித்தப்பா அவனுக்கும் சித்தப்பாதான், அலாரம் வைத்து இடையில் எழுந்திருக்கும் வேலை வேண்டாம் என்றேன். விடியற்காலையில்தான் கனவுத் தூக்கம் அதிகம், அதை வெட்டக் கூடாது என்றும் சொன்னேன்.

அம்மா யோசித்துவிட்டுக் கேட்டார்: "படிக்கிறதுக்கு டெய்லி நாலு மணிக்கு எழுப்பி விடுறேனே மேடம், பன்னெண்டு மணிக்குத்தான் படுக்குறான். அதுவும் இதே கணக்குதானா?"

இதே கணக்குதான் என்றேன். பரீட்சைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. பத்தரைக்குப் படுக்க வைத்து ஆறரைக்கு எழுப்புவது என்று பேசி முடித்தோம்.